அன்னி பெசண்ட்

அன்னி பெசண்ட் (அக்டோபர் 1, 1847 – செப்டம்பர் 20, 1933) இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த சமூக சீர்திருத்தவாதியும் பிரம்மஞான சபையின் தலைவரும் இந்திய விடுதலை இயக்கத் தலைவர்களுள் ஒருவரும் ஆவார். இவரது வாழ்வில் குழந்தைகளின் காப்புரிமை குறித்த இரு வழக்குகள் முக்கிய இடம் பெறுகின்றன. முதல் வழக்கில் தன் மகளைக் கணவரிடம் இழந்தார். செங்கல்பட்டு நீதிமன்றத்தில் தொடங்கிய இரண்டாவது வழக்கில், ஒரு தந்தை தன் மகன்களை இவரிடமிருந்து மீட்க முயன்றார்.

இளமையும் திருமணமும்

இலண்டனில் அயர்லாந்து வழிவந்த குடும்பத்தில் அன்னி வுட் என்ற பெயருடன் பிறந்தார். 1867 இல் பிராங்க் பெசண்ட் என்ற பாதிரியாரை மணந்தார். இவர்களுக்கு 1869 இல் டிக்பி என்ற மகனும் 1870 இல் மேபல் என்ற மகளும் பிறந்தனர். அன்னி கிறித்தவ சமயக் கோட்பாடுகளில் நம்பிக்கை இழந்ததால் கணவருடன் பிளவு ஏற்பட்டு, 1873 இல் இருவரும் சட்டப்படி பிரிந்தனர். உடன்படிக்கையின்படி மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் வளர்ந்தனர்.

மகளை இழந்த வழக்கு

1877 இல் சார்லசு பிராட்லாவுடன் இணைந்து கருத்தடை பற்றிய நூலொன்றை மறுபதிப்பாக வெளியிட்டதற்காக அன்னி மீது வழக்குத் தொடரப்பட்டது. விதிக்கப்பட்ட ஆறு மாதச் சிறைத்தண்டனை, குற்றப்பத்திரிகையில் இருந்த குறைபாட்டினால் 1878 இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. எனினும் அதே ஆண்டில் பிராங்க் பெசண்ட் மகளைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரி வழக்குத் தொடுத்தார். தாயின் நாத்திகக் கருத்துக்களையும் அந்நூல் வெளியீட்டையும் காரணம் காட்டி, நீதிபதி ஜார்ஜ் ஜெசல் மேபலைத் தந்தையிடம் ஒப்படைத்தார். 1879 இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. வளர்ந்த பின்னர் மகனும் மகளும் தாயிடம் திரும்பி வந்தனர்.

இந்தியா வருகை

1889 இல் பிரம்மஞான சபையில் இணைந்த அன்னி, 1893 இல் இந்தியா வந்தார். 1898 இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். 1907 இல் சபையின் தலைவரானார். சபையின் தலைமையகம் அமைந்திருந்த அடையாறு, அக்காலத்தில் சென்னை நகர எல்லைக்கு வெளியே, மாமல்லபுரம் கடற்கரையையும் உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது.

செங்கல்பட்டு வழக்கு

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலரான நாராயணய்யா 1909 இல் தம் மகன்களுடன் அடையாறில் குடியேறினார். சிறுவர்களின் தாய் 1905 இல் இறந்துவிட்டார். மகன்களுள் ஒருவரான ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியை அடையாறு கடற்கரையில் கண்ட சார்லசு லெட்பீட்டர், அவர் வருங்கால உலக ஆசானுக்குரிய தகுதி உடையவர் எனக் கருதினார். 1910 மார்ச்சில் நாராயணய்யா, கிருஷ்ணமூர்த்திக்கும் அவர் தம்பி நித்தியானந்தாவுக்கும் அன்னி பெசண்டைப் பாதுகாவலராக எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டார்.

லெட்பீட்டருடன் மகன்கள் பழகுவதைத் தந்தை விரும்பவில்லை. இந்நிலையில் 1912 தொடக்கத்தில் சிறுவர்கள் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கேயே கல்விக்காகத் தங்கவைக்கப்பட்டனர். அதே ஆண்டு சூலையில் நாராயணய்யா தம் இசைவைத் திரும்பப் பெற்றார். அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. தந்தைக்காக சி. பி. இராமசாமி ஐயர் வாதாடினார். அன்னி தமக்காகத் தாமே வாதாடினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், சிறுவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். அன்னியின் மேல்முறையீடு அக்டோபரில் தள்ளுபடியானது. ஆயினும் ஆணை நிறைவேறவில்லை. சிறுவர்கள் இங்கிலாந்திலேயே இருந்தனர்.

பிரிவி கவுன்சில் தீர்ப்பு

மே 25, 1914 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இத்தீர்ப்புகளை நீக்கியது. இந்துச் சட்டப்படி தந்தையே இயற்கைப் பாதுகாவலர் என்றும், அவர் பிறருக்கு அளித்த பொறுப்பைத் திரும்பப் பெறலாம் என்றும் அது ஏற்றுக்கொண்டது. ஆனால், பாதுகாவலர் மற்றும் காப்புக்குரியோர் சட்டம் 1890 இன்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்திலுள்ள நீதிமன்றமே அதன் பாதுகாப்பு பற்றி விசாரிக்க இயலும். சிறுவர்கள் இங்கிலாந்தில் வசித்ததால் செங்கல்பட்டு நீதிமன்றத்திற்கு அதிகாரம் இல்லை என முடிவாயிற்று. சிறுவர்களின் விருப்பம் அறியப்படாததையும் தீர்ப்பு சுட்டியது. தந்தை நாட வேண்டிய இடம் இங்கிலாந்து நீதிமன்றமே என்றாயிற்று.

இவ்வாறு தந்தையின் உரிமை ஏற்கப்பட்டும், குழந்தைகள் கடல் கடந்திருந்ததால் அவர்களை அவர் மீட்க இயலவில்லை. சகோதரர்கள் 1921 இறுதியிலேயே இந்தியா திரும்பினர். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம் என்ற விதி இச்சட்டத்தின் 9 ஆம் பிரிவில் இன்றும் உள்ளது. பெற்றோரில் ஒருவர் குழந்தையுடன் இடம் பெயரும் வழக்குகளில் எந்த நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இப்பிரிவே முதலில் ஆராயப்படுகிறது.

பிற்காலம்

1916 இல் அன்னி பெசண்ட் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கினார். வழக்கில் எதிர்த்து வாதாடிய இராமசாமி ஐயரும் அவ்வியக்கத்தில் அவருடன் இணைந்து பணியாற்றியது குறிப்பிடத்தக்கது. 1917 இல் அரசால் காவலில் வைக்கப்பட்டு விடுதலையான அன்னி, அவ்வாண்டு இந்திய தேசிய காங்கிரசின் தலைவரானார். அப்பொறுப்பை வகித்த முதல் பெண் இவரே. நித்தியானந்தா 1925 இல் அமெரிக்காவில் காலமானார். கிருஷ்ணமூர்த்தி 1929 இல் தமக்காக அமைக்கப்பட்ட விண்மீன் சங்கத்தைக் கலைத்தார். அன்னி பெசண்ட் 1933 இல் அடையாறில் காலமானார். சென்னையின் பெசண்ட் நகர் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.