அம்பியர் என்னும் மனிதர்

மின்சாரம் இல்லாத ஊரில் மின்சாரத்தைப் பற்றிப் படித்தவன் நான். 1993ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்கலங்களுக்கும் தடை இருந்தது. பரிசோதனை செய்து காட்ட வழியற்ற எங்கள் பௌதிக ஆசிரியர், ஒருநாள் மாலை, போத்தல் விளக்கின் ஒளியில் அந்திரே மரி அம்பியரின் வாழ்க்கையை எடுத்துரைத்தார். கேட்டிருந்த மாணவருள் தந்தையை இழந்தோர் சிலர் இருந்தனர். நானும் அவர்களுள் ஒருவன்.

அம்பியர் 1775ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து லியோன் நகரிற் பிறந்தார். பள்ளிக்கூடம் சென்றறியாத அவருக்குத் தந்தையாரின் நூலகமே கல்விக்கூடம். புரட்சிக் காலத்தில் நீதவானாயிருந்த அத்தந்தையார், 1793 நவம்பரிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். பதினெட்டு வயது மகன் ஏறக்குறைய ஓராண்டு நூல்களைத் தொடாது, சித்தங் கலங்கியவர்போல் இருந்தார். ரூசோவின் தாவரவியற் கடிதங்களும் இலத்தீன் கவிதைகளுமே அவரை மீட்டன. 1799இல் மணந்த அன்பு மனைவி ஜூலியும் 1803இல் மறைந்தார். மறு ஆண்டு பாரிசு சென்று, கணிதம் போதிக்கலானார்.

1820 செப்டெம்பரில், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்ற எர்ஸ்டெட்டின் கண்டுபிடிப்பு பாரிசு விஞ்ஞானக் கழகத்திற் செய்து காட்டப்பட்டது. அங்ஙனமாயின், காந்தம் இன்றியே இரு மின்னோட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விசை செலுத்துமோ என்று அம்பியர் சிந்தித்தார். சில நாட்களுள் விடை கண்டார். சமாந்தரமான இரு கம்பிகளில் மின்னோட்டம் ஒரே திசையிற் பாய்ந்தால் அவை ஒன்றையொன்று கவரும். எதிர்த்திசைகளிற் பாய்ந்தால் தள்ளும். மின்னோட்டம் பெருக விசை பெருகும். இடைவெளி பெருக விசை குறையும்.

1836இல் மார்செய் நகரில் அவர் காலமானார். 1881இல் மின்னோட்டத்தின் அலகு அவர் பெயரைப் பெற்றது. 1948 முதல் 2019 வரை அவ்வலகின் வரைவிலக்கணமே இவ்விரு கம்பிகள்தாம்: வெற்றிடத்தில், ஒரு மீற்றர் இடைவெளியில், ஒவ்வொன்றிலும் ஓர் அம்பியர் பாய்ந்தால், மீற்றர் நீளத்துக்கு நியூற்றனில் ஒரு கோடியில் இரண்டு பங்கு விசை. இப்போது இலத்திரனின் ஏற்றத்தைக் கொண்டு அவ்வலகை வரையறுக்கின்றனர்.

பல ஆண்டுகளின் பின், நானும் ஆசிரியனாகி, கார் பற்றரியொன்றில் இரு அலுமினியத் தாட்கீற்றுகளை அருகருகே இணைத்தேன். ஒரு கணம் மின்னோட்டம் பாய்ந்தது, கீற்றுகள் நெருங்கின. மாணவர் ஆரவாரித்தனர். எனக்கோ, அன்று 1793 என்ற ஆண்டைச் சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பாராது விளக்குத் திரியைத் தூண்டிய ஆசிரியரின் கைகள் நினைவுக்கு வந்தன. இன்றும் நான் விதியை முதலிற் சொல்வதில்லை. அம்மகனைப் பற்றியே தொடங்குகிறேன்.