கடல்வழி தேடிய சேட் வால்சந்த் ஹீராசந்த்

போளூருக்கு அண்மையிலுள்ள திருமலைப் பாறையில் முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டுள்ளது. ஈழமும் கடல் சூழ்ந்த பழந்தீவுகளும் கொண்ட வெற்றிகளை அடுக்கிய பின், வியாபாரி நன்னப்பயன் என்பாரின் மனைவி சாமுண்டப்பை அங்குள்ள குந்தவை ஜினாலயத்துக்கு விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு அளித்ததை அக்கல்வெட்டு கூறுகிறது. அன்று கடல்வழி நம்மவர் கையில் இருந்தது. ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து அவ்வழியை மீட்க முனைந்தோருள் முதன்மையானவர் ஒரு சமணர்.

சேட் வால்சந்த் ஹீராசந்த் 1882 நவம்பர் 23 அன்று சோலாப்பூரில் திகம்பர சமணக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத் தொழிலில் மனம் பற்றாமல், பாடக் என்னும் நண்பருடன் சேர்ந்து இரயில்பாதைக் கட்டுமான ஒப்பந்தங்களை ஏற்றுப் பொருள் ஈட்டினார்.

முதல் உலகப் போர் முடிந்ததும் அவர் பார்வை கடலின்மேல் சென்றது. 1919இல் நரோத்தம் மொரார்ஜி முதலியோருடன் சிந்தியா கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். குவாலியர் அரசரிடம் இருந்த மருத்துவமனைக் கப்பலான ‘லாயல்டி’யை வாங்கி, ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து இலண்டனுக்குச் செலுத்தினர். வால்சந்த் தாமும் அக்கப்பலிலேயே பயணம் செய்தார். அந்நாளே இன்று தேசியக் கடல்சார் தினம்.

தூத்துக்குடியில் வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஆங்கிலேயரின் கட்டணக் குறைப்பாலும் அடக்குமுறையாலும் வீழ்ந்திருந்தது. சிந்தியாவுக்கும் அதே கட்டணப் போர் காத்திருந்தது. இதைவிடக் கொடிய ஆயுதம் ஒன்றும் இருந்தது. தம் கப்பல்களிலேயே தொடர்ந்து சரக்கு அனுப்பும் வணிகருக்கு மட்டும், கட்டணத்தின் ஒரு பகுதியைப் பல திங்கள் கழித்துத் திருப்பித் தந்தன ஆங்கிலக் கம்பெனிகள். இடையில் வேறு கப்பலை நாடியவர் அத்தொகையை இழப்பார். கப்பல் இருந்தும் சரக்கு வராத நிலை இவ்வாறு உண்டாயிற்று.

1923இல் சிந்தியா ஓர் உடன்படிக்கைக்கு இசைந்தது. கரையோர வாணிபத்தில் இடம் கிடைத்தது. அயல்நாட்டு வழி பத்தாண்டுகளுக்கு அடைபட்டது. இதனைத் தோல்வி என்போர் உண்டு. ஆயினும் கம்பெனி பிழைத்தது என்பதே பெரிது. அந்நாளில் முளைத்த சுதேசிக் கப்பல் நிறுவனங்களுள் பிழைத்தவை மிகச் சில. வால்சந்த் அடங்கியிருக்கவுமில்லை. 1930களின் பிற்பகுதியில், ஹஜ் பயணிகளை ஏற்றிச் செல்ல ஜெத்தாவுக்குக் கப்பல் விட்டது சிந்தியா.

1939இல் மோட்டார் வண்டித் தொழில் தொடர்பாக அமெரிக்கா சென்ற பயணத்தில், விமானம் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த வில்லியம் பாலி என்பாரைச் சந்தித்தார். பலருக்கு அது வழிப்பேச்சாகவே முடிந்திருக்கும். வால்சந்தோ, மைசூர் திவான் மிர்சா இஸ்மாயிலின் துணையோடு 1940 டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை நிறுவிவிட்டார். போர்க்காலத்தில், 1942இல், அரசு அவர் பங்கை வாங்கிக்கொண்டது.

விசாகப்பட்டினத்துக் கப்பல் கட்டும் தளத்துக்கு 1941இல் இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அங்கே உருவான ‘ஜல உஷா’வை 1948 மார்ச் 14 அன்று நேரு கடலில் இறக்கினார். பின்னர் அத்தளமும் அரசின் கைக்குச் சென்றது. நோயுற்ற வால்சந்த் குஜராத்தின் சித்பூரில் 1953 ஏப்ரல் 8 அன்று மறைந்தார். லாயல்டி புறப்பட்டு அப்போது முப்பத்து நான்கு ஆண்டுகளும் மூன்று நாட்களும் ஆகியிருந்தன.