டிராக்டருக்குப் பின்னால் மூன்று புள்ளி: ரோட்டவேட்டர் வாங்கும் முன் தெரிய வேண்டிய ஹாரி ஃபெர்குசன் கதை

மினி டிராக்டருக்கு ரோட்டவேட்டர் வாங்கலாம் என்று போனைத் திறந்து தேடினால் முதலில் விலை கண்ணில் படும். அதற்கு அடுத்து வருபவைதான் தலைசுற்ற வைக்கும்: த்ரீ பாயின்ட் லிங்கேஜ், கேட்டகரி 1, டாப் லிங்க், லிஃப்டிங் கெபாசிட்டி, பி.டி.ஓ. எச்.பி. நாலடியா, மூன்றரை அடியா என்ற கேள்விக்கான விடை இந்த வார்த்தைகளுக்குள்தான் இருக்கிறது. ஆனால் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

எந்த கம்பெனி டிராக்டராக இருந்தாலும் சரி, கருவி எந்த ஊரில் செய்ததாக இருந்தாலும் சரி, பின்னால் அதே மூன்று இடத்தில் மாட்டிவிடலாம். இன்று இது சாதாரணம். ஆனால் இந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த ஒரு பிடிவாதக்காரரின் பல ஆண்டு உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. ஹென்றி ஃபோர்டுடன் ஒரு கைகுலுக்கலும், அது முறிந்த பிறகு நடந்த பெரிய வழக்கும்கூட இருக்கின்றன. அவர் பெயர் ஹாரி ஃபெர்குசன். மாஸி ஃபெர்குசன் என்று டிராக்டரில் எழுதியிருக்கிறதே, அந்த ஃபெர்குசன்தான்.

பண்ணை வேலை பிடிக்காத பையன்

1884 நவம்பர் 4-ம் தேதி டவுன் மாவட்டத்தில் டிரோமோர் அருகே உள்ள குரோவெல் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம், வீட்டில் 11 பிள்ளைகள், மதக் கட்டுப்பாடு மிகுந்த அப்பா. 14 வயதில் பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்கு வந்தார். உடல் உழைப்பும் பிடிக்கவில்லை, வீட்டின் கெடுபிடியும் பிடிக்கவில்லை. 1902-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் ஜோ நடத்திய சைக்கிள், கார் பழுதுபார்க்கும் பட்டறையில் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் அவருக்கு உயிர் வந்தது.

பைக் ரேஸ், கார் ரேஸ் என்று எல்லாவற்றிலும் இறங்கினார். அது போதாதென்று சொந்தமாக ஒரு விமானத்தைச் செய்து, 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில் பறக்கவும் செய்தார். பறந்த தூரம் சுமார் 130 கெஜம்தான். ஆனாலும் அயர்லாந்து மண்ணிலிருந்து எழும்பிய முதல் விமானம் அது. அண்ணனோடு ஒத்துவராமல் 1911-ல் தனிக்கடை போட்டார். அந்தக் கடையில் சேர்ந்த மெக்கானிக் வில்லி சாண்ட்ஸ் இந்தக் கதையில் முக்கியமானவர். யோசனையும் வாய்ச்சாலமும் ஃபெர்குசனுடையவை. அந்த யோசனையை இரும்பில் செய்து காட்டிய கை பெரும்பாலும் சாண்ட்ஸுடையது.

கலப்பை கல்லில் மோதினால் என்ன ஆகும்?

முதல் உலகப்போர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்ததால் பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு. இருக்கிற டிராக்டர்களை ஒழுங்காக ஓட வைக்கும் பொறுப்பை 1917-ல் அயர்லாந்து விவசாய வாரியம் ஃபெர்குசனிடம் கொடுத்தது. அவரும் சாண்ட்ஸும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். பார்த்தது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை.

அன்றைய டிராக்டர் என்பது இரும்பு மாடு, அவ்வளவுதான். மாட்டுக்குப் பின்னால் கட்டியதைப் போலவே டிராக்டருக்குப் பின்னாலும் கலப்பையைக் கொக்கி போட்டு இழுத்தார்கள். எடை குறைந்த வண்டி என்றால் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும், பிடிமானம் இருக்காது. அதற்காக வண்டியைக் கனமாகச் செய்தால் மண் இறுகிப்போகும், விலையும் ஏறும்.

இதைவிட மோசமான ஆபத்து ஒன்றும் இருந்தது. கலப்பை நுனி ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரத்தால் முன்னேற முடியாது. ஆனால் என்ஜின் நிற்காது. சக்கரம் சுழல முடியாதபோது, அச்சைச் சுற்றி டிராக்டரே சுழலும். மூக்கு மேலே எழும்பி, வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் மேல் விழும். அந்தக் காலத்தில் அதிகம் விற்ற ஃபோர்ட்சன் டிராக்டருக்கு இந்தக் கெட்ட பெயர் நன்றாகவே இருந்தது. உயிர்கள் போயின.

டிராக்டர் வேறு, கருவி வேறு என்று நினைப்பதே தவறு. ரெண்டும் சேர்ந்து ஒரே இயந்திரமாக வேலை செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு ஃபெர்குசன் வந்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது இந்த ஒரே விஷயத்தைத்தான். அதைச் செய்து முடிக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1926-ல் காப்புரிமை பெற்ற அவரது முறையை இப்படிப் புரிந்துகொள்ளலாம். கீழே ரெண்டு கைகள், மேலே ஒரு கை. கீழ்க்கைகள் கருவியை இழுக்கும். மண்ணில் இறங்கிய கலப்பை முன்பக்கமாகக் குப்புறப் பார்க்கும். அப்போது மேல்கை, அதாவது டாப் லிங்க், டிராக்டரை முன்னோக்கித் தள்ளி அதன் மூக்கை அழுத்திப் பிடிக்கும். அந்த அழுத்தத்தை ஒரு ஹைட்ராலிக் வால்வு கவனித்துக்கொண்டே இருக்கும். மண் கடினமானால் கலப்பை கொஞ்சம் தூக்கப்படும், அதன் எடை பின்சக்கரத்தின் மேல் ஏறும், பிடிமானம் கூடும். பாறையில் மோதினால்? எடை சட்டென்று சக்கரத்திலிருந்து விலகிவிடும். சக்கரம் சும்மா சுழலும், வண்டி கவிழாது. பிடிமானத்துக்காக இரும்பைக் கூட்ட வேண்டியதில்லை; கருவியே எடை தருகிறது. சின்ன டிராக்டரும் பெரிய வேலை செய்யலாம் என்பது இங்கேதான் சாத்தியமானது.

1933-ல் கறுப்பு வண்ணம் பூசிய முதல் மாதிரி வண்டி தயார். 1936 முதல் டேவிட் பிரவுன் என்ற இங்கிலாந்துத் தொழிலதிபர் ஹடர்ஸ்ஃபீல்டில் தயாரித்துக் கொடுத்தார். விற்பனை மந்தம். காரணம் எளிது: வீட்டில் இருக்கும் பழைய கலப்பை இந்த வண்டியில் மாட்டாது. எல்லாக் கருவியையும் புதிதாக வாங்கியாக வேண்டும். வண்டியைப் பெரிதாக்கலாம் என்றார் பிரவுன். ஃபெர்குசன் மசியவில்லை. பிரிந்தார்கள்.

ஒரு கைகுலுக்கல், ஒரு வழக்கு

1938 அக்டோபரில் ஒரு டிராக்டரைக் கப்பலேற்றி அமெரிக்காவின் டியர்பார்னுக்குக் கொண்டுபோனார். ஹென்றி ஃபோர்டின் சொந்த எஸ்டேட்டில், ஃபோர்டின் கண் முன்னால் உழுது காட்டினார். அந்த முதியவருக்குப் பிடித்துப்போயிற்று. ஃபோர்டு தயாரிப்பது, ஃபெர்குசன் வடிவமைத்து விற்பது என்று முடிவானது. பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, வக்கீல் இல்லை. கைகுலுக்கினார்கள். முடிந்தது.

1939 ஜூனில் 9என் என்ற டிராக்டர் 585 டாலருக்கு வெளிவந்தது. அதுவும் அதன் போர்க்கால வடிவமான 2என்னும் சேர்ந்து 3 லட்சத்துக்கு மேல் விற்றன. அந்த முதியவர் இருந்தவரை கைகுலுக்கல் செல்லுபடியானது. 1945-ல் நிர்வாகம் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு கைக்குப் போனது. டிராக்டர் தயாரிப்பில் கம்பெனிக்கு நஷ்டம் என்று கணக்கு காட்டியது. 1947-ல் பேரன் ஒப்பந்தத்தை முறித்தார். வேறு விற்பனை நிறுவனத்தைத் தொடங்கி, அதே மூன்று புள்ளி முறையோடு 8என் டிராக்டரை இறக்கினார்.

அமெரிக்காவில் ஃபெர்குசனிடம் விற்க வண்டி இல்லை. 1948-ல் வழக்குப் போட்டார். கேட்ட தொகை 25 கோடியே 10 லட்சம் டாலர். நாலு ஆண்டுகள் இழுத்தது. 1952-ல் சமரசம்: 92.5 லட்சம் டாலர். கேட்டதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் காப்புரிமை அவருடையது என்பது அதில் நிலைத்தது, ஃபோர்டு தன் ஹைட்ராலிக் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பெரிய இழப்பீடு கிடைக்காததற்குக் காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. தொழிலே அழிந்தது என்று வாதாட முடியாத அளவுக்கு இந்த நாலு ஆண்டுகளில் அவர் தொழில் அமோகமாக வளர்ந்திருந்தது.

சாம்பல் நிறக் குட்டி வண்டி

அந்த வளர்ச்சிக்குக் காரணம் டி.இ.20. 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பேனர் லேன் ஆலையில் உருவானது. 20 எச்.பி.க்குச் சற்று அதிகமான சக்தி, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல், உடம்பெல்லாம் சாம்பல் நிறம். இன்றைய மினி டிராக்டருக்குத் தாத்தா என்றே சொல்லலாம். 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாரானது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்தைத் தொட்டதும் ஃபெர்குசன் டிராக்டர்களில்தான்.

சரி, ரோட்டவேட்டர் எங்கே வருகிறது?

அது ஃபெர்குசன் கண்டுபிடித்தது இல்லை. ஆஸ்திரேலியாவின் கில்காண்ட்ராவில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்டு என்ற இளைஞர் 1912-ல் அப்பாவின் பண்ணையில் சுழலும் கலப்பையை முயன்று பார்த்தார். முதலில் மண் பக்கவாட்டில் சிதறியது. எல் வடிவத்தில் கத்திகளை வளைத்ததும் சரியானது. 1920-ல் காப்புரிமை, 1922-ல் கம்பெனி, 1938-ல் இங்கிலாந்தின் எசெக்ஸில் ஆலை. ரோட்டவேட்டர் என்பதே ஹோவர்டு கம்பெனி வைத்த பெயர்தான். ஆங்கிலத்தில் எழுதி முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே வரும், நம்ம விகடகவி மாதிரி.

ஃபெர்குசனின் டிராக்டருக்கும் ஹோவர்டின் கருவிக்கும் ஆரம்பத்தில் ஒத்துப்போகவில்லை. கலப்பை டிராக்டரைப் பின்னால் இழுக்கும். ரோட்டவேட்டர் அப்படியில்லை. அதன் கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றி மண்ணை வெட்டுவதால் வண்டியை முன்னால் தள்ளும். ஆக, ஃபெர்குசன் அரும்பாடுபட்டுச் செய்த இழுவைக் கட்டுப்பாட்டுக்கு இங்கே பெரிதாக வேலையில்லை. மூன்று கைகளும் தூக்க, இறக்க, பிடித்துக்கொள்ள மட்டுமே. உழுகிற சக்தி முழுவதும் பி.டி.ஓ. தண்டு வழியாகப் போகிறது. டி.இ.20 வண்டியின் முதல் கியரே ரோட்டவேட்டருக்கு ரொம்ப வேகம். தவிர, கிளட்சை மிதித்தால் வண்டியோடு பி.டி.ஓ.வும் நின்றுவிடும். வேகத்தைக் குறைக்கத் தனி கியர் பெட்டியை ஹோவர்டு கம்பெனியே செய்து விற்றது.

இன்று வாங்குபவர் கவனிக்க வேண்டியவை இந்தப் பொருத்தமின்மையிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. முதலாவது, டிராக்டரில் போதுமான மெதுவான கியர் இருக்கிறதா, கிளட்சை மிதித்தாலும் பி.டி.ஓ. தனியாக ஓடுமா என்று பார்க்க வேண்டும். விளம்பரத்தில் போடும் என்ஜின் எச்.பி.யை நம்பி அகலத்தைத் தீர்மானிக்கக் கூடாது, பி.டி.ஓ.வில் கிடைப்பது அதைவிடக் குறைவு. 20 எச்.பி.யை ஒட்டிய வண்டிகளுக்குப் பொதுவாக மூன்று முதல் மூன்றரை அடி ரோட்டவேட்டர் தாங்கும். களிமண் என்றால் இன்னும் கஞ்சத்தனமாக இருப்பது நல்லது. அதேநேரம் பின்சக்கரங்களின் வெளித்தடத்தை மூடும் அகலமும் வேண்டும். இல்லையென்றால் உழுத மண்ணில் டயர் தடம் அப்படியே கிடக்கும்.

எடை அடுத்த விஷயம். ஹைட்ராலிக் தூக்கும் என்பதால் மட்டும் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. கனமான கருவியைத் தூக்கும்போது முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காமல் போனால், வரப்பு ஏறும்போது ஃபெர்குசன் பயந்த அதே பின்கவிழ்ப்பு ஆபத்து வேறு வழியில் திரும்பி வரும். முன்பக்க எடைக்கட்டைகள் அதற்குத்தான். கேட்டகரி 1 என்றால் கீழ்க்கை ஊசி 22 மில்லிமீட்டர், மேல்கை ஊசி 19 மில்லிமீட்டர். மிகச் சிறிய வண்டிகளில் இது வேறுபடும், அளந்து பார்ப்பதே உத்தமம். கத்தியில் எல் வடிவம் காய்ந்த நிலத்துக்கும் களைக்கும். சேற்று உழவுக்கு சி வடிவத்தில் மண் குறைவாக ஒட்டும். எதை வாங்கினாலும் வருஷா வருஷம் அதே ஆழத்தில் ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டினால் அடியில் மண் இறுகும். இடையிடையே உளிக்கலப்பை போட வேண்டியிருக்கும்.

நாணயத்தில் போன 10 லட்சம்

1953-ல் ஃபெர்குசன் தன் கம்பெனியைக் கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். விலை பேசும்போது 10 லட்சம் டாலர் வித்தியாசம் வந்தது. நாணயம் சுண்டித் தீர்த்துக்கொண்டார்கள். ஃபெர்குசன் தோற்றார். அடுத்த ஆண்டே நிர்வாகத்திலிருந்தும் விலகினார். யாருக்குக் கீழும் வேலை செய்யும் ஆள் இல்லை அவர்.

கடைசி ஆண்டுகளில் நாலு சக்கரமும் இழுக்கும் காரைப் பிடித்துக்கொண்டார். அவரது ஆராய்ச்சிக் குழு செய்த பி99 ரேஸ் காரை ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டி, 1961-ல் அவுல்டன் பார்க் கோல்டு கப்பை வென்றார். அதைப் பார்க்க ஃபெர்குசன் இல்லை. 1960 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்தின் ஸ்டோ-ஆன்-தி-வோல்டு அருகே தன் வீட்டில் இறந்துவிட்டார். வயது 75.

அதே 1960-ல்தான் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. மாஸி ஃபெர்குசன் கூட்டுடன் அது தயாரித்த டிராக்டர்களின் பின்னாலும் கீழே ரெண்டு, மேலே ஒன்று என்று அதே மூன்று கைகள்தான் இருந்தன.