பாதியில் நின்ற கூடு
(பறவையியல் அறிஞர் சாலிம் அலி வாழ்வில் சில பக்கங்கள்)

இராசிபுரத்தில் எங்கள் பூர்வீக வீட்டின் கொல்லைப்புறத்தில் கிணறு ஒன்று உண்டு. அக்கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கும் பனையின் ஓலைகளில் மழைக்காலந்தோறும் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். பட்டுத்தறிகளின் ஓசைக்கிடையே வளர்ந்த எங்களுக்கு, நெய்யத் தெரிந்த பறவை வீட்டருகே வாழ்வது பெரும் வியப்பாகத் தோன்றவில்லை. எங்களை வியக்கவைத்தவை முழுக்கூடுகளின் அருகே தொங்கிய பாதிக்கூடுகளே. கவிழ்த்து வைத்த தொப்பி போன்று, அடிப்பகுதி இன்றி, அவை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். சோம்பேறிக் குருவியின் வேலை அது என்பார் என் அத்தா. ஆண் குருவி ஆடுவதற்கு அமைத்த ஊஞ்சல் என்பார் பக்கத்து வீட்டுப் பெரியவர். கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் சேற்றில் மின்மினியைப் பதித்து இரவில் விளக்கேற்றும் என்ற கதையையும் அவரே சொன்னார். சேறு இருப்பது மெய், விளக்கு கதை.

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இப்பறவை புதிதன்று. நெடிய பனையில் தூங்கணங்குரீஇ தொடுத்த கூட்டைக் குறுந்தொகை பேசுகிறது. மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறித் தன் கூட்டை இழந்த தூக்கணத்தை விவேக சிந்தாமணி காட்டுகிறது. ஆனால் பாதியில் நிற்கும் கூட்டுக்குக் காரணம் யாது என்னும் வினாவுக்கு விடை, நான் ஆசிரியப் பணிக்கு வந்த பின்னர், சாலிம் அலி அவர்களின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்குக் கிடைத்தது.

சாலிம் மொய்ஜுத்தீன் அப்துல் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். ஒரு வயதளவில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். அநாதையாகிவிட்ட குழந்தைகளைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் அவர்தம் துணைவி ஹமீதா பேகமும் கேத்வாடியில் இருந்த தம் இல்லத்தில் வளர்த்தனர். மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்குக் காற்றுத்துப்பாக்கி ஒன்றை வாங்கித் தந்தார். சிட்டுக்குருவிகளைச் சுடுவதே சிறுவனின் பொழுதுபோக்காயிற்று.

பத்து வயதளவில் அவர் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்று வழக்கமான சிட்டுப் போலவே இருந்தும் தொண்டையில் மஞ்சள் திட்டுப் பெற்றிருந்தது. மார்க்க நெறியில் வளர்ந்த சிறுவனுக்கு இதனை உண்பது ஆகுமா, ஆகாதா என்ற ஐயம் எழுந்தது. மாமாவிடம் காட்டினார். அவருக்கும் விடை தெரியவில்லை. தாம் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மதிப்புறு செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு அறிமுகக் கடிதம் எழுதித் தந்து அனுப்பினார். வெள்ளையர் ஒருவரை நேரில் காண அஞ்சி அஞ்சிச் சென்ற சிறுவனை மில்லார்டு அன்புடன் வரவேற்றார். அது மஞ்சட்கழுத்துச் சிட்டு என்று பெயர் சொன்னார். பதப்படுத்திய பறவைகள் நிறைந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்கள் தந்தார். பறவையின் தோலுரித்துப் பாடம் செய்யவும், கண்டதைக் கண்டவாறு குறித்து வைக்கவும் பழகிக்கொள்ள வழி செய்தார். ஹலால், ஹராம் பற்றிய ஒரு பிள்ளையின் பேணுதல் அவனை அறிவியலின் வாசலில் கொண்டு சேர்த்த இந்நிகழ்ச்சியை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது அவருடைய சிறுவயதுக் குறிப்பு ஒன்று. வீட்டுக் குதிரை லாயத்தில் சுவர்ப் பொந்தொன்றில் சிட்டுக்குருவி முட்டையிட்டிருந்தது. பெண் உள்ளே அடைகாக்க, ஆண் வெளியே காவல் இருந்தது. சிறுவர் மறைந்திருந்து ஆணைச் சுட்டார். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் அதே இடத்தில் வந்தமர்ந்தது. அதையும் சுட்டார். மற்றொன்று வந்தது. ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் அவ்விடத்தில் வீழ்ந்தன. இதனைத் தம் வெற்றிக் கணக்காகவே அவர் எழுதி வைத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் பெண் குருவி புதிய துணையைப் பெற்றதையும் உடன் எழுதினார். எட்டு உயிர்களை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. சினைப்பட்ட பேடைக்கு ஈனில் அமைக்கக் கரும்பின் பூவைக் கோதும் குருவிச் சேவலைக் குறுந்தொகையில் படித்த நமக்கு, எட்டுத் துணைகளை ஏற்ற பேடை அதிர்ச்சியே தருகிறது. ஆயினும் பொந்தும் முட்டையும் அதற்கு இன்றியமையாதவை. பொந்தில்லாத ஆண்களோ அக்கம்பக்கத்தில் காத்திருந்தன. மனிதர்க்குரிய கற்பின் அளவுகோலைப் பறவைக்கு நீட்டாமல், நடந்ததை நடந்தவாறு எழுதிய அப்பழக்கமே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

அவரது கல்விப் பயணம் பெருமைக்குரியதாக அமையவில்லை. தலைவலியால் அவதியுற்று, கணக்குக்கு அஞ்சி, 1913-இல் தட்டுத்தடுமாறி மெட்ரிகுலேஷன் தேறினார். அதன்பின் பர்மாவில் தவாய் என்னுமிடத்தில் குடும்பத்தாரின் சுரங்க, மர வணிகத்தைப் பார்த்துக்கொள்ளச் சென்றார். வணிகத்தைவிடக் காட்டுப் பறவைகளே அவர் மனத்தைக் கவர்ந்தன. 1917-இல் திரும்பி, 1918-இல் தெஹ்மினாவை மணந்தார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியல் பணியிடம் ஒன்று வந்தபோது பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். விடுப்புப் பெற்றுப் பெர்லின் சென்று, எர்வின் ஸ்ட்ரேஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1930-இல் தாயகம் திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையற்ற அந்நாட்களில் கணவனும் மனைவியும் பம்பாய்க்கு அண்மையில் உள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கினர். முப்பத்து மூன்று வயது, வருமானம் இல்லை. வேறொருவராயின் மனம் குமைந்திருப்பர். அவரோ தூக்கணாங்குருவிகளின் கூட்டத்தை அந்த மழைக்காலம் முழுவதும் நாள்தோறும் கவனித்தார். அவர் கண்டது இதுவே.

கூடு கட்டுவது ஆண் மட்டுமே. இனப்பெருக்கக் காலத்தில் தலையும் மார்பும் மஞ்சள் பூண்ட ஆண், நெற்பயிர், புல், பனையோலை இவற்றிலிருந்து நார் கிழித்துப் பலநூறு முறை பறந்து வந்து நெய்கிறது. தொப்பி வடிவம் வந்ததும் மேற்கொண்டு நெய்யாமல் நிறுத்தி, சிறகடித்துப் பெண்ணை அழைக்கிறது. பெண்கள் வந்து உள்ளே நுழைந்து, இழுத்துப் பார்த்துச் சோதிக்கின்றன. ஒருத்திக்குப் பிடித்துவிட்டால் இணைகூடி, ஆண் முட்டையறையையும் நீண்ட குழல்வாயிலையும் முடித்துத் தருகிறது. எவளுக்கும் பிடிக்காத கூடு அப்படியே கைவிடப்படுகிறது. எங்கள் கிணற்றின் மேல் ஆடியவை சோம்பலின் சின்னங்கள் அல்ல. பெண் ஏற்காத வீடுகள்!

செய்தி அத்துடன் முடியவில்லை. முதற்பெண் அடைகாக்கத் தொடங்கியதும், அந்த ஆண் அருகிலேயே இரண்டாவது கூட்டைத் தொடங்குகிறது. அதற்கும் ஒரு பெண் வந்தால் மூன்றாவதையும் கட்டுகிறது. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் பல துணைகளை அது கொள்ளும் இம்முறையை விளக்கிய அவரது கட்டுரை 1931-இல் கழகத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. நூற்றாண்டுகளாக வயலோரத்தில் எல்லோர் கண்முன்னும் நடந்ததை ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. முகலாய மன்னர்களின் இயற்கை ஈடுபாடு குறித்து அவர் முன்னரே கட்டுரைத்தொடர் எழுதியவர். லைலா, மஜ்னூன் எனப் பெயரிட்டு வளர்த்த சாரசக் கொக்குகள் முட்டையிட்டு அடைகாத்ததைப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவேட்டில் பதிந்துள்ளார். கிஹிமில் அமர்ந்தவரும் அம்மரபின் தொடர்ச்சியே என ஆய்வாளர் சிலர் கருதுவர்.

பின்னர் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். காடுகளில் உடன் அலைந்த தெஹ்மினா 1939-இல் மறைந்தார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூல், வீட்டுக் கொல்லையில் கண்ட பறவைக்குப் பெயர் சொல்லும் ஆற்றலைச் சாமானியருக்கும் வழங்கிற்று. டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளியாயிற்று. பட்டம் இல்லாதவருக்கு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1958-இல் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. கெட்டி பரிசாகக் கிடைத்த 50,000 டாலரை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்தார். 1985-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்குச் சிட்டின் வீழ்ச்சி எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார். 1987 ஜூன் 20 அன்று, தொண்ணூறாம் வயதில் இறையடி சேர்ந்தார். 1990-இல் அவர் பெயரால் தொடங்கப்பட்ட பறவையியல் மையம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் இயங்கி வருகிறது. நம் மாணவர்கள் ஒருநாள் பயணமாகச் சென்று காணத்தக்க இடம் அது.

சென்ற விடுமுறையில் இராசிபுரம் சென்றிருந்தேன். கிணற்றடிப் பனையில் பதினொரு கூடுகள் இருந்தன. நான்கு பாதிக்கூடுகள். அவற்றுள் ஒன்றில் மஞ்சள் தலைக் குருவி ஒன்று இன்னமும் சிறகடித்துக் கொண்டிருந்தது. அத்தாவை நாற்காலி போட்டு உட்காரவைத்து, மக்ரிபுக்கு பாங்கு சொல்லும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று எந்தப் பெண்ணும் வரவில்லை.