ஜப்பானை ஆராய்ந்த சீபோல்ட்

ஒரு நாட்டை முழுதும் அறிய ஒரு கலை மட்டும் போதாதென்பதை வாழ்ந்து காட்டியவர் பிலிப் சீபோல்ட். ஜெர்மனியில் 1796-ல் பிறந்த இவர், 1823-ல் ஒல்லாந்தரின் பண்டகசாலைக்கு வைத்தியராய் நாகசாக்கி சேர்ந்தார். ஆங்கு மாணாக்கர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்து, அவர்களிடமிருந்து ஜப்பானின் செடிகொடி, தொழில், வழக்கம் முதலியன பற்றிய கட்டுரைகளைப் பெற்றார்.

அந்நியர்க்கு விலக்கப்பட்ட தேசப்படங்களை, அரசாங்க வானநூலாராகிய தக்காஹாஷி, மேனாட்டு நூல்களுக்கு மாற்றாக இவருக்கு நல்கினார். 1828-ல் அச்செய்தி வெளிப்பட்டது. தக்காஹாஷி சிறையிலேயே மாண்டார்; சீபோல்ட் 1829-ல் நாடு கடத்தப்பட்டார். பின்னர் லைடன் நகரில் வாழ்ந்து, 1832 முதல் ‘நிப்பான்’ என்னும் பெருநூலைப் பகுதி பகுதியாய் வெளியிட்டார். அதற்குத் துணைநின்ற ஹாஃப்மன், 1855-ல் அந்நகர்ச் சர்வகலாசாலையில் ஜப்பானிய மொழிப் பேராசிரியரானார். சீபோல்ட் 1866-ல் மறைந்தார்.

அவர் புலமையைப் போற்றும் நாம், அதற்குத் தம் உயிரையே விலையாகத் தந்த தக்காஹாஷியையும் மறவாதிருப்போமாக.