சர்க்கரை மன்னர் ஹாவ்மேயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனங்கள் காப்பியில் இட்ட சர்க்கரைக்கு விலை குறிக்கும் அதிகாரம் அந்நாட்டு ஜனாதிபதியிடம் இருக்கவில்லை; சட்டசபையிடமும் இருக்கவில்லை. நியூயார்க் நகரத்துத் தனவந்தர் ஹென்றி ஆஸ்போர்ன் ஹாவ்மேயரிடமே இருந்தது. ஜனநாயக நாடொன்றில் இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய விரும்புவோர் அவருடைய சரித்திரத்தைப் படிப்பது நலம்.

ஹாவ்மேயர் குடும்பத்தார் ஜெர்மனியிலிருந்து வந்து நியூயார்க்கில் குடியேறிச் சர்க்கரை காய்ச்சும் தொழிலை ஆரம்பித்தவர்கள். அந்தக் குலத்தில் 1847-ல் பிறந்த ஹென்றி, வாலிபப் பிராயத்திலேயே ஆலைக்குள் புகுந்து தொழிலைக் கற்றார். கச்சாச் சர்க்கரையைக் கரைப்பது, எலும்புக் கரியில் வடித்து வெளுப்பது, மீண்டும் காய்ச்சுவது ஆகிய யாவும் அவருக்குத் தெரியும். உட்கார்ந்து தின்ற வாரிசு என்று அவரைக் குறை கூற நம்மால் முடியாது. புரூக்ளினிலிருந்த குடும்ப ஆலை 1882-ல் தீக்கிரையானபோது, முன்னிலும் பெரிதாக அதை மீண்டும் எழுப்பினார்கள். அந்த உலைகளின் வெப்பத்தில் வெந்து உழைத்தவர்கள் ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள்.

போட்டியினால் லாபம் குறைந்தது. 1887-ல் 17 ஆலைகளை ஒரே நிர்வாகத்தின்கீழ்ச் சேர்த்து 'டிரஸ்ட்' ஒன்றை ஹாவ்மேயர் அமைத்தார். சேர்ந்த ஆலைகளிற் பலவற்றை மூடினார். 1890-ல் நியூயார்க் நியாயஸ்தலம் இக்கூட்டு செல்லாதென்று தீர்ப்பளித்தது. அதற்கென்ன? அடுத்த ஆண்டே நியூஜெர்ஸி ராஜ்யத்தில் 'அமெரிக்கச் சர்க்கரை சுத்திகரிப்புக் கம்பெனி' என்ற பெயரால் அது மறுஜன்மம் எடுத்தது. பிலடெல்பியா ஆலைகளையும் 1892-ல் விலைக்கு வாங்கியபின், நாட்டின் சுத்திகரிப்புத் தொழிலில் ஏறக்குறைய நூற்றுக்கு 98 பங்கு அதன் வசமாயிற்று.

ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் 1890-லேயே நிறைவேறியிருந்தது. ஆனால் சர்க்கார் தொடுத்த வழக்கில் 1895-ல் சுப்ரீம் கோர்ட் கூறிய முடிவு விசித்திரமானது. சர்க்கரை செய்வது உற்பத்தியே தவிர வர்த்தகம் அன்று. ஆகவே வர்த்தகச் சட்டம் ஆலைகளின்மீது பாயாது என்றது. விற்பதற்கன்றி வேறெதற்குச் சர்க்கரை செய்வார்கள் என்று நாம் கேட்கலாம். நீதிபதிகளில் ஹார்லன் ஒருவரே மாறுபட்டு நின்றார்.

இதற்கிடையில், 1894-ல் சுங்கவரி மசோதாவில் டிரஸ்டின் கை இருந்ததா என்று ஸெனட் விசாரித்தது. தேர்தல் நன்கொடையைப் பற்றிக் கேட்டபோது, எந்த ராஜ்யத்தில் எந்தக் கட்சி பலம் பெற்றிருக்கிறதோ அந்தக் கட்சிக்குக் கொடுப்பது வழக்கம் என்று ஹாவ்மேயர் கூசாமல் ஒப்புக்கொண்டார். தொகை விவரம் மட்டும் கூற மறுத்துவிட்டார். அதற்காக வழக்கு நடந்தது, 1897-ல் விடுதலையானார். அதே விசாரணையில் பதில் கூற மறுத்த தரகர் ஒருவரோ சிறைவாசம் அனுபவித்தார். 1899-ல் கமிஷன் ஒன்றின்முன் சாட்சி கூறுகையில், டிரஸ்டுகளைப் பெற்றெடுத்த தாய் சுங்கவரியே என்றார். அந்த வரியால் கொழுத்தவரே சொன்னதால், இந்தச் சாட்சியத்தை நாம் முழுமையாக நம்புகிறோம்.

1907 நவம்பரில் புரூக்ளின் துறைமுகத்தில் சுங்க உத்தியோகஸ்தர் ஒருவர், கம்பெனித் தராசுகளில் சிறு துளை இருப்பதையும், அதன் வழியே கம்பியைச் செலுத்தி எடையைக் குறைத்துக் காட்டுவதையும் கண்டுபிடித்தார். வரி, எடைக்கு ஏற்ப விதிக்கப்பட்டது. நாட்டின் சர்க்கரை முழுவதையும் கையில் வைத்திருந்த ஸ்தாபனம், மளிகைக் கடைக்காரனும் செய்ய வெட்கப்படும் தராசுத் திருட்டைச் செய்திருந்தது! இரண்டு வாரத்திற்குள், டிஸம்பர் 4-ந் தேதி, ஹாவ்மேயர் நோயுற்று மரணமடைந்தார். ஆகவே, இது அவர் அறிந்து நடந்ததா என்று எந்த நியாயஸ்தலமும் அவரை விசாரிக்கவில்லை. கம்பெனி 1909-ல் 20 லக்ஷம் டாலருக்குமேல் சர்க்காருக்குச் செலுத்தியது. எடைக் குமாஸ்தாக்கள் சிலர் சிறை சென்றனர்.

இதே மனிதர் பிடில் வாசிப்பதில் பிரியமுள்ளவர். சித்திரங்களைப் பொறுக்கி எடுப்பதில் வல்லவர். மனைவி லூயிஸின் அம்மையாரும் அவரும் ரெம்ப்ராண்ட், எல் கிரெக்கோ, மானே, தெகா ஆகியோரின் சித்திரங்களைச் சேகரித்தனர். அம்மையார் கணவருக்குப்பின் பெண்களின் வாக்குரிமைக்காகக் கிளர்ச்சி செய்து, 1919-ல் ஜனாதிபதி வில்ஸனின் உருவத்தை எரித்த போராட்டத்தில் சிறை புகுந்தார். ஸெனட்டை எதிர்த்தும் கணவர் காணாத சிறையை மனைவி கண்டார். 1929-ல் அம்மையார் காலமானதும் அச்சித்திரங்களில் பெரும்பகுதி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலாசாலையை அடைந்தது. புரூக்ளின் ஆலை 2004-ல் சர்க்கரை காய்ச்சுவதை நிறுத்திற்று.