துணியை ஒளித்து வைத்த தாய்

நம்ம வயசுப் பையன் ஒருவனின் கதை இது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கி.பி. 185 வாக்கில் பிறந்தவர் ஓரிஜென். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். 202-ல், கிறிஸ்தவர் என்பதற்காக அப்பா லியோனிதேசை ரோம அரசு சிறையில் போட்டது. மகனுக்கு அப்போ பதினேழுகூட நிரம்பவில்லை. தானும் போய்ச் சாவேன் என்று கிளம்பினார். தாய் கெஞ்சிப் பார்த்தாள், கேட்கவில்லை. கடைசியில் அவர் துணிமணி அத்தனையையும் ஒளித்து வைத்துவிட்டாள்! எப்படி வெளியே போவது? குடும்பத்தை நினைத்து மனம் மாற வேண்டாம் என்று அப்பாவுக்குக் கடிதம் மட்டும் எழுதினார்.

அப்பாவின் தலை போனது, சொத்தும் ஜப்தி. வீட்டில் எட்டு வயிறு. பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். பதினெட்டில் சபையின் ஞானோபதேசப் பள்ளிக்கே தலைவர். பிறகு தன் புத்தகங்களை விற்றுவிட்டு, அதற்குக் கிடைத்த தினம் நாலு ஓபல் காசில் காலம் தள்ளினார். (எங்க வீட்டில் முதல் புத்தகம் வாங்கியவன் நான். விற்க எனக்கு மனசு வராது.)

250-ல் டெசியஸ் பேரரசன் காலத்தில், அறுபது தாண்டிய கிழவரைப் பிடித்தார்கள். கழுத்தில் இரும்பு வளையம், கால்களைத் தொழுமரத்தில் நாலாம் துளைவரை அகட்டி மாட்டினார்கள். அவர் மறுதலிக்கவில்லை. வெளியே வந்து சில ஆண்டுகளில் தீரு நகரில் இறந்தார்.

உடம்பு பிறக்குமுன்பே ஆன்மா இருந்தது என்பது போன்ற அவர் கருத்துகள் மட்டும் சண்டையைக் கிளப்பிக்கொண்டே இருந்தன. 553-ல் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கத்தின் தப்பறைக்காரர் பட்டியலில் அவர் பெயரும் ஏறியது. அப்பா லியோனிதேஸ் புனிதர். மகன் இன்றுவரை இல்லை.